இடது கைக்கு ஒரு ஜிப்

தம்பியின் வெளிர்நீலச் சட்டையை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டு, பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள் அக்கா. கிழிந்ததைத் தைப்பதும், நீளத்தைக் குறைப்பதும், இடுப்பைப் பிடிப்பதும்தான் அவள் பிழைப்பு. வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில், ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் திரும்ப இடமில்லாத கடை. ஒரு நாளைக்கு இருபது துணியைக் கூசாமல் பிரித்துப் போடுகிறவளுக்கு, பொத்தான்கூட மங்காத ஒரு சட்டையின் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிளக்க வேண்டும் என்றபோது கை எழவில்லை.

தம்பிக்கு 'இஸ்திரி' என்று பட்டப்பெயர். பெரிய ஜவுளிக்கடையில் ஆண்கள் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன். அவன் சட்டை மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். வீட்டில் இருக்கும்போதுகூடக் கைலி பனியனோடு வாசலுக்கு வர மாட்டான். அப்படிப்பட்டவனுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் ஒன்றாகக் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது மேல்கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு திரித்த மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். அதில்தான் இரண்டு ஊசி. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் நரம்பை அழுத்தும், கூடாது. அதனால் சட்டையையே கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

"குளிருகூடப் பரவால்லக்கா" என்றான் முந்தின நாள். "ரத்தம் வெளிய போயி சில்லுனு திரும்பி வரும்போது பல்லெல்லாம் அடிச்சுக்கும். அதக்கூடத் தாங்கிக்கலாம். எதிர் பெட்டுல டீச்சரம்மா படுத்திருக்காங்க. நான் இங்க வெறும் பனியனோட..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

அக்கா பிளேடை வைத்து இழுத்தாள். முதல் இழை அறுந்தபிறகு மற்றது எளிதாக வந்துவிட்டது.

முதலில் வைத்த ஜிப் இரும்புப் பல். போட்டுப் பார்த்தவன் ஐஸ் கட்டியை ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றான். ஒட்டும் பட்டை வைத்தாள். அது கையிலிருந்த முடியைப் பிடுங்கியது, பிரிக்கும்போது வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி பர்ரென்று சத்தம் வேறு. மூன்றாவதாக, யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன மழைக்கோட்டிலிருந்து பிளாஸ்டிக் ஜிப் ஒன்றைப் பிரித்து எடுத்தாள். மேலிருந்தும் கீழிருந்தும் இழுத்துத் திறக்க இரண்டு ஓட்டி உள்ள ஜிப். தோளும் மணிக்கட்டும் மூடியிருக்க, நடுவில் ஊசி குத்துகிற நான்கு விரல்கடை இடத்தை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம். தோலில் படாமல் இருக்க உள்ளே பழைய ஃப்ளானல் துணியில் பட்டை கொடுத்தாள். திறப்பு எந்த இடத்தில் வரவேண்டும் என்று அளக்கும்போது அவள் விரல் புடைப்பின்மேல் பட்டது. உள்ளே ஒரு வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி உர்ர்ரென்று அதிர்ந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாத. சத்தம் இருக்கறவரைக்கும் நல்லது" என்று சிரித்தான் தம்பி. "ராத்திரி தூக்கம் வரலன்னா காதுல வச்சுக் கேப்பேன். இன்னும் ஓடுதான்னு."

சட்டை வார்டில் பேச்சாகிவிட்டது. நர்ஸ் ஜிப்பை இரண்டு தரம் மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, "இத யாரு யோசிச்சது?" என்று கேட்டார். பக்கத்துப் படுக்கை லாரி டிரைவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அட, டீசல் டேங்க் மூடி மாதிரில்ல இருக்கு! எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா. வர்றவங்க தெறந்தாங்களா, ஊத்துனாங்களா, மூடிட்டுப் போயிட்டே இருக்கட்டும்." நெடுநாளைக்கப்புறம் தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அன்றைக்கு நான்கு மணி நேரமும் எந்தத் துணி துவைத்தால் சுருங்கும், எது சாயம் விடும் என்று டிரைவரிடம் பேசிக்கொண்டே இருந்தான், கடையில் நிற்கிற மாதிரியே.

டிரைவருக்கு இரண்டு தைத்தாள். டீச்சரம்மாவுக்கு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பொத்தான் வைத்து ஒரு முழுக்கை மேலங்கி. பிறகு மற்ற நாட்களில் வருகிறவர்களும் கேட்டு அனுப்பினார்கள். யாரிடமும் கூலி வாங்கவில்லை. டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவள்னா இப்படி இருக்கணும்மா. உன்ன மாதிரி ஒருத்தி எனக்கு இல்லையேன்னு இருக்கு" என்றார். அக்கா குனிந்து, வெட்டத் தேவையே இல்லாத ஒரு நூலைப் பல்லால் கடித்தாள்.

அந்தப் பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உண்மை அவளுக்கும் தம்பியைப் பார்க்கிற டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், யாராவது சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. தம்பி மனைவிக்குச் சர்க்கரை வியாதி, அவளால் முடியாது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் அக்கா ஒருத்திதான். ரத்தம் கொடுத்தாள், படம் எடுத்துக்கொண்டாள், சொன்ன பரிசோதனைக்கெல்லாம் போனாள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ரொம்ப நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு மனசாரச் சம்மதமான்னு நான் கேட்டாகணும். இல்லன்னா தயங்காம சொல்லுங்க. பொருந்தலன்னு மட்டும் வீட்டுல சொல்லிடுவோம். காரணம் இந்த ரூமைத் தாண்டாது" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "வேண்டாம்" என்று வந்துவிட்டது.

மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், புருஷன் இருந்தும் இல்லாத வீடு, நான் படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் பொய் என்று அவளுக்கே தெரியும். பயம்தான். கத்திக்குப் பயம், மயக்க மருந்துக்குப் பயம், உடம்புக்குள் ஒரு இடம் காலியாகிவிடும் என்பதற்குப் பயம். நாள் முழுக்கக் கத்தரியும் பிளேடுமாக இருப்பவளுக்கு இப்படி ஒரு பயம் எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்கே புரியவில்லை. தம்பி வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல், "பொருந்தலையாம்டா" என்றாள். தம்பி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். "அதுக்கு நீ என்னக்கா பண்ணுவ" என்று சொல்லி, மனைவியிடம் அவளுக்கு டீ போடச் சொன்னான்.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, சத்தம் நின்னுடுச்சு."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். கையில் இணைத்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது, கரைக்கப் பார்க்கிறோம் என்றார்கள். கரையவில்லை. வலது கையில் முயன்றார்கள், நரம்பு மெலிசு, பிடிக்கவில்லை. கடைசியில் கழுத்து வழியாகக் குழாயை இறக்கி, வலது நெஞ்சில் இரண்டு வாலாக வெளியே விட்டார்கள். இடது கையில் ஜிப் வைத்து அதுவரை அவனுக்குத் தைத்திருந்த ஆறு சட்டைகளுக்கும் வேலை போயிற்று.

அக்கா மறுபடியும் பிளேடை எடுத்தாள். ஜிப்புகளைப் பிரித்தெடுத்துவிட்டுக் கையை மூடித் தைத்தாள். வலது தோள்பட்டையிலிருந்து நெஞ்சுவரை திறக்கிற மாதிரி மடிப்பு வைத்து, குழாயின் நுனி தொங்காமல் இருக்க உள்ளே சின்னதாக ஒரு பை தைத்தாள். அதைப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, குழாய் வழியாகக் கிருமி போய் நடுங்க நடுங்கக் காய்ச்சல். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெளியே வந்தபோது உடம்பு வீங்கிச் சட்டை எதுவும் சேரவில்லை. பக்கவாட்டுத் தையலைப் பிரித்து வேறு துணி கொடுத்து அகலமாக்கினாள். அடுத்த மாதம் வீக்கம் வடிந்து, அதே சட்டை கொடியில் போட்ட மாதிரி அவன்மேல் தொங்கியது. மறுபடி பிடித்துத் தைத்தாள். உடம்பு ஒரு பக்கம் ஓட, துணி பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. இதற்குள் டிரைவரின் படுக்கைக்கு வேறு ஒருவர் வந்திருந்தார். டிரைவர் எங்கே என்று அக்கா கேட்கவில்லை. நர்சும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை.

"நான் குடுக்கறேன் டாக்டர். என்னிக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தம்பியின் ஃபைலை வரவழைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் அக்கா. அத்தனை மாதமும் உள்ளே இருந்த பயம் இப்போது இல்லை. இடுப்பில் கைவைத்து, எங்கே கீறுவார்கள் என்றுகூட யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "அந்தக் காய்ச்சலுக்கப்புறம் இதயம் ரொம்பப் பலவீனமாயிடுச்சு. இப்ப மயக்க மருந்து குடுத்தா டேபிள விட்டு எழுந்திரிக்க மாட்டார். நீங்க குடுத்தாலும் வாங்கிக்கற நிலைமையில அவர் இல்ல."

"கொஞ்சம் தேறினப்புறம்?"

டாக்டரம்மா ஃபைலை மூடினார். "டயாலிசிஸ் நடக்கறவரைக்கும் நடக்கட்டும். அவர கஷ்டமில்லாம வச்சுக்கங்க."

அறைக்கு வெளியே சக்கர நாற்காலிகளை வரிசையாக மடக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை தம்பியோடு வார்டுக்குப் போனது அவள்தான். தம்பி மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மெஷினில் மாட்டிவிட்டு நர்ஸ் நகர்ந்ததும் தம்பி கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"டாக்டரம்மாவப் போய்ப் பாத்தியாமே."

"யாரு சொன்னா?"

"நர்சுதான். உங்கக்கா அழுதுட்டு நின்னாங்க, போய் ஆறுதல் சொல்லுங்கன்னாங்க."

அக்கா போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். அவன் சிறிது நேரம் மூச்சு வாங்கினான். பிறகு மெதுவாகப் பேசினான்.

"கடையில சிலபேர் சட்டையப் போட்டுப் பாத்துட்டு வெளிய வருவாங்க. அளவு சரியில்லன்னு மடிச்சுக் குடுத்துட்டுப் போவாங்க. அளவெல்லாம் கச்சிதமா இருந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் நின்னவனுக்குத் தெரியாதாக்கா? ஏன்னு கேக்க மாட்டோம். வாங்கி உள்ள வச்சிடுவோம்."

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்துடா தெரியும்?"

"அன்னிக்கு நீ டீயக் குடிக்கவே இல்ல."

"திட்டுடா" என்றாள். "வாய்க்கு வந்தபடி திட்டு. சும்மா படுத்திருக்காத."

"திட்டத் தெம்பு வேணும்ல." உதடு மட்டும் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "எனக்குக் கோவமே இல்லன்னு நெனச்சுக்காதக்கா. இருந்துச்சு. நிறைய இருந்துச்சு. ஜிப் வச்ச சட்டையத் தூக்கிட்டு வந்தியே, அன்னிக்கு அத உன் மூஞ்சியிலயே விட்டெறியணும் போல இருந்துச்சு." மூச்சு வாங்கினான். "குளிரா இருந்துச்சு. போட்டுக்கிட்டேன்."

தூங்கிவிட்டானா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறானா என்று தெரியாமல் மிச்ச நேரம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தரம் மெஷின் கத்தியது. நர்ஸ் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். எதிர்ப் படுக்கையில் டீச்சரம்மா மேலங்கியின் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தி மூடியபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

முடிந்ததும் நர்ஸ் குழாயின் நுனியைச் சுத்தம்செய்து மூடிப் பைக்குள் செருகினார். தம்பி எழுந்து கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். தலை சுற்றுகிறது என்று கொஞ்சம் அப்படியே இருந்தான். சட்டை மடிப்பைச் சரிசெய்து கழுத்துப் பொத்தானைப் போடப் பார்த்தான். விரல் நடுங்கியது, பொத்தான் வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டான்.

அக்கா எழுந்து அவன் முன்னால் நின்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி அவன் மோவாயைத் தூக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டான். அவன் கண் அவளுக்குத் தெரியவில்லை. கட்டு ஒட்டியிருந்த கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் புதிதாக எடுத்த காஜா, இன்னும் இறுக்கமாக இருந்தது. பொத்தான் பாதி நுழைந்து நின்றது. அடுத்த ஆள் போர்வையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"மெதுவாப் போடு" என்றான் தம்பி, கூரையைப் பார்த்தபடியே.

அவள் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.