நூற்று ஐம்பத்து மூன்றாவது மணி

மார்ட்டின் வாத்தியாருக்கு நூற்று ஐம்பத்து மூன்று என்ற எண்ணை விட்டால் பேச வேறு விஷயம் கிடையாது. மூன்றால் வகுபடும் எண் எதையாவது சொல்லச் சொல்வார். இலக்கம் ஒவ்வொன்றின் கனத்தையும், அதாவது இரண்டுக்கு இரண்டு தரம் இரண்டு தரம் இரண்டு எட்டு என்கிற மாதிரி, கண்டுபிடித்துக் கூட்டு, வந்த எண்ணையும் அப்படியே செய். எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் நூற்று ஐம்பத்து மூன்றில் வந்து நிற்கும், அப்புறம் நகராது. மூன்றையே எடுத்தால் இருபத்தேழு, முந்நூற்று ஐம்பத்தொன்று, அடுத்தது வீடு. நூற்று ஐம்பத்து மூன்றை "வீடு" என்றுதான் சொல்வார். பெரிய ஜெபமாலைக்கும் அதே நூற்று ஐம்பத்து மூன்று மணி என்பதில் ஏதோ தானே கோத்துக் கொடுத்த மாதிரி ஒரு பெருமை வேறு.

மகள் சில்வியா நெடுங்காட்டு செந்தில்குமாரைக் கல்யாணம் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற அன்றும் அந்தக் கணக்குதான் வாயில் வந்தது. "ரெண்டு பேரா வந்திருக்கீங்க. ரெண்டு எந்தக் காலத்துலயும் நூத்தைம்பத்திமூணுக்கு வராது. போங்க." பாழாய்ப்போன கணக்கு. வாத்தியாரின் மனைவி ஆக்சிலியா அடுப்படியில் நின்று அழுததோடு சரி, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது வாத்தியார் கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். சில்வியா கைக்குழந்தையோடு சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறாள். பெரிய ஜெபமாலை முடிந்ததும் முகத்தை மூடிப் பெட்டியை எடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதற்குள் மகள் அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஆக்சிலியாவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜெபத்தை அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்து மணி ஓடும்போது பக்கத்து வீட்டு கமர் நிஷா குனிந்து, "இன்னும் சிதம்பரமே தாண்டலையாம்க்கா" என்று காதோடு சொன்னாள்.

ஆக்சிலியா முடிந்த மணிகளுக்கே விரலைத் திருப்பினாள். மாதாவிடமே கள்ளக் கணக்கு. "அருள் நிறைந்த மரியே" என்று மறுபடி தொடங்க, கூட்டமும் கூடச் சொன்னது. யாருக்கும் தெரியவில்லை, கொழுந்தன் மரியசெல்வத்தைத் தவிர. ஒரு மணி தவறினாலும் முதலிலிருந்து சொல்ல வைக்கிற ஆள் அவர்.

"அண்ணி, நூத்தி எண்பது ஆயிருச்சு," என்றார் மெதுவாக.

நூற்று எண்பது. ஒன்றுக்கு ஒன்று, எட்டுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்நூற்றுப் பதின்மூன்று. அடுத்தது வீடு. புருஷனின் கணக்கை அவள் தானாகப் போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வந்துருவா தம்பி. இன்னும் கொஞ்சம்."

மரியசெல்வம் அவளையே பார்த்தார். பிறகு அடுத்த மணியை அவரே சத்தமாகத் தொடங்கினார்.

எவ்வளவுதான் இழுப்பது? பங்குச் சாமியார் காத்திருந்தார், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முகத்தை மூடினார்கள். கார் சீர்காழிக்கு வந்துவிட்டது என்று கமர் நிஷா ஓடி வந்து சொன்னபோது ஆணி அடித்து முடித்திருந்தது.

கல்லறையில் எல்லோரும் மண் போட்ட பிறகுதான் கார் வந்து நின்றது. சில்வியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தாள், பின்னால் செந்தில்குமார். ஆக்சிலியா மகள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். "முடியலடி. எவ்வளவோ இழுத்துப் பாத்தேன்."

சில்வியா அழவில்லை. செந்தில்குமாரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினாள். பிள்ளையை இடுப்பிலிருந்து எடுத்து ஈர மண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"அப்பா, மூணு பேரா வந்திருக்கோம்ப்பா," என்றாள்.