லிஃப்ட் மெக்கானிக்குக்கு வியர்த்த கதை

1
ஒப்புக்கொள்கிறேன், இது திருட்டுச் சரக்கு. மருத்துவமனை ஏசிக் குளிரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் ஸ்கேன் உறையால் விசிறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக், அறுபத்தொரு வயது. வீட்டில் சொல்லாததைப் பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம் கொட்டிவிட்டார்.

2
"ஆண் ஹார்மோன் என்பது உடலில்..." (அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

புரோஸ்டேட் கட்டிக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு ஊசி. தூக்கத்தில் ஏறி, விடியலில் உச்சிக்குப் போய், மாலையில் இறங்குகிற ஆண் ஹார்மோனை அது அடக்கிவிடுகிறது. "இப்ப நாள் முழுக்க கிரவுண்ட் ஃப்ளோர்லயே நிக்குது சார்" என்றார். கட்டி சுருங்குகிறது, நல்லதுதான். உடம்புதான் திடீர் திடீரென்று கொதித்துத் தூக்கத்தைத் துண்டு போடுகிறது.

3
கட்டிலை விட்டு முன்னறை சோபாவுக்கு மாறிவிட்டார். மனைவியிடம் முதுகுவலி என்று புளுகு. அவர் மனைவியோ தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து, வாய்விட்டுக் கேட்காமல் இளைத்துக்கொண்டிருந்தார்.

கட்டியும் ஊசியும் மனைவிக்குத் தெரியும். கொதிப்பை மட்டும் ஏன் மறைத்தார்? கூச்சம் என்று எழுதியிருந்தேன். நம்பிக்கை வரவில்லை. துருவியதும் உண்மை வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், மாதவிடாய் நின்ற சமயம் மனைவிக்கும் இதே கொதிப்பு. அவர் ஜன்னலைத் திறப்பார், இவர் எழுந்து சாத்துவார். "ஊர்ல இல்லாத அதிசயம், சும்மா சீன் போடாத" என்று மைத்துனியின் எதிரிலேயே மனைவியிடம் இவர் சொல்லியிருக்கிறார்.

(இந்த இடத்தில் அவரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. பிறகு என் வீட்டு ஜன்னல் நினைவுக்கு வந்து பேனாவை மூடிவைத்தேன்.)

4
முடிவு அ: கடைசிவரை சொல்வதில்லை. (அதை எழுதக் கல்நெஞ்சம் வேண்டும்.)

முடிவு ஆ: காலை. சமையலறை வாசலில் சட்டை நனைந்து நிற்கிறார். மனைவி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். காய்ச்சல் இல்லை. புரிந்துவிடுகிறது.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"முதுகுவலின்னீங்க?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்றது?"

"மனுஷனா நீங்க! என்னைத்தான் பிடிக்காமப் போச்சோன்னு நாலு மாசமா செத்துக்கிட்டு இருக்கேன்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. ஈரத்துண்டைப் பிழிந்து அவர் பிடரியில் வைக்கிறார். "இங்க வச்சா அடங்கும். யாரும் சொல்லித் தரல, நானா கண்டுபிடிச்சேன்."

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. அதனாலேயே ஈரத்துண்டோடு தப்பிக்க விடமாட்டேன். வாயைத் திறக்கிறார்:

"அன்னிக்கு அந்த ஜன்னலை நான்..."

மீதியை நீங்கள் எழுதுங்கள். எத்தனை வரி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரிகூட 'ஆனா' என்று தொடங்கக்கூடாது.