பிளக் பாயிண்ட்டுக்கு அம்மை போட்ட பதினொரு நாள்

கோவர்த்தனன் வீட்டு ஹாலில் இருந்த பதினாறு ஆம்பியர் பிளக் பாயிண்ட்டுக்கு ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மதியம் அம்மை போட்டது. வெள்ளைத் தகட்டின் மேல் முதலில் மூன்று முத்து தெரிந்தது, சாயங்காலத்துக்குள் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. விஜயபுரம் பக்கத்து ஊர்களில் அந்த வருடம் மனிதர்கள் ஒருவருக்கும் அம்மை இல்லை. நிலக்கடலை விதைக்க மழையும் இல்லை. பிளக் பாயிண்ட்டுக்கு மட்டும் வந்தது.

கோவர்த்தனன் நெல்லும் கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்து ஆள். இரண்டு வருடத்துக்கு முன் எலக்ட்ரிக் கார் வாங்கி, ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்களைத் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். காலை விமானம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து, காரைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவான். கார் கொடுத்த அன்றே ஷோரூம்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: மீட்டரிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுக்கவேண்டும், தடித்த செம்பு ஒயர் போடவேண்டும், தனி எர்த் வேண்டும். கோவர்த்தனன் தலையாட்டிவிட்டு வந்து, ஹாலில் மாவு அரைக்கும் கிரைண்டருக்கு இருந்த இந்த பாயிண்ட்டிலேயே காரைச் செருகினான். அது எலக்ட்ரீஷியன் நாகையா எப்போதோ கிரைண்டருக்காக இழுத்த மெல்லிய ஒயர். கிரைண்டர் அரைமணி நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்துவிடும். கார் ஐந்து மணி நேரம் விடாமல் உறிஞ்சும். இந்தச் சின்ன வித்தியாசம்கூடப் புரியாத அளவுக்கு அவன் முட்டாள் இல்லை, ஆனால் சோம்பேறி.

அவன் மனைவி சுலோசனா துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகப் பிடித்த துப்பாக்கி தெர்மாமீட்டர் ஒன்று அவளிடம் இருந்தது, அதில் பொருள்களின் சூட்டைப் பார்க்கவும் ஒரு பொத்தான் உண்டு. பிளக் பாயிண்ட் ஐம்பத்தெட்டு டிகிரி என்றாள், இன்னொரு நாள் அறுபத்திமூன்று என்றாள். "கைய வெச்சி அஞ்சு எண்ண முடியலன்னா கழட்டிடணுங்க. ஷோரூம்ல சொன்ன ஒயரும் எர்த்தும் போடுங்க. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் பொண்ணு சாஞ்சிகினு படிக்கிறா" என்றாள். "எல்லா பிளக்கும் சூடாவும்மே. மனுசன் ஒழைச்சா வேர்க்கல?" என்று அவன் புரண்டு படுத்தான். ஒரு நாளாவது அந்தத் தகட்டில் கையை வைத்துப் பார்த்தானா என்றால் இல்லை. ஒன்றரை வருடம் அவள் சொன்னாள், ஒன்றரை வருடம் அவன் புரண்டான். கேட்டுக்கொண்டிருந்த தெருவுக்கே அலுத்துப்போய்விட்டது.

முத்து போட்ட அன்று சூடு எழுபத்தொன்று. பிளாஸ்டிக் கொப்பளித்திருக்கிறது என்று சுலோசனா மெயினை அணைத்தாள். அணைத்த பிறகும் எழுபத்தொன்று. சாயங்காலம் எழுபத்துநான்கு ஆகி, விடிகாலையில் எழுபதுக்கு இறங்கி, மறுபடி சாயங்காலம் ஏறியது. காய்ச்சல் அப்படித்தான் ஏறி இறங்கும் என்பது நர்ஸுக்குத் தெரியாததா? தெரிந்ததால்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் அதிகமானது. நாகையாவைக் கூப்பிட்டாள். அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரெண்டே லேதம்மா, வேடி மாத்ரம் உந்தி" என்றார். கரண்டே இல்லை, சூடு மட்டும் இருக்கிறது. சரி, தகட்டைக் கழற்றுங்கள் என்றாள். ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் தகடு சுவருக்குள் அரை அங்குலம் ஒடுங்கியது. நாகையாவின் உள்ளங்கையில் இரண்டு முத்து எழும்பியது. அவர் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் செல்லியம்மாவுக்கு ஆடி வெள்ளிகளில் அருள் வரும். அவள் வந்து ஒரு பார்வை பார்த்து, "அம்மா வந்துகீறா. மூணாந் தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, வூட்ட வுட்டு யாரும் வெளியூரு போவக்கூடாது" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகினாள். ஒன்றரை வருடம் எதையும் கேட்காத கோவர்த்தனன் அந்த நிமிடமே பக்திமானாகிவிட்டான். தாளிப்பு நின்றது. கார் வேப்பமரத்தடியில் நின்றது. பிளக் பாயிண்ட்டுக்குக் கீழே அவன் வைத்த இளநீர் தினமும் விடிவதற்குள் காலியானது. தகட்டைச் சுற்றிச் செருகிய வேப்பிலை அத்தனை சூட்டிலும் வாடவில்லை.

சூடு மட்டும் இறங்கவில்லை. ஆறாம் நாள் எண்பத்திரண்டு, எட்டாம் நாள் எண்பத்தெட்டு. சுவரின் அந்தப் பக்கம் பெயிண்ட் பழுப்பாகி, மகள் ஸ்வர்ணலதாவின் இண்டர்மீடியட் பிசிக்ஸ் புத்தக அட்டை அப்பளமாய்ச் சுருண்டது. சுலோசனா மகளைப் புத்தூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பப் பையை எடுத்தாள். தெரு வாசலை மறித்தது. அம்மா வந்த வீட்டிலிருந்து பெண்ணை அனுப்பினால் ஊர் முழுக்கப் பரவும் என்றார்கள். "வூடு பத்திக்கினா ஒங்க ஊரு வந்து அணைக்குமா?" என்று அவள் கத்தினாள். ஒருவரும் நகரவில்லை. "நைனா, நீயாவது சொல்லேன்" என்றாள் ஸ்வர்ணலதா. அப்பன் இளநீர் சீவ எழுந்து போனான். சுலோசனா மகளின் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள், குடத்தில் மணலை நிரப்பி ஹாலில் வைத்தாள், புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். செல்லியம்மாவோடும் பேசவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

முதல் இரண்டு தண்ணீரை வேப்பிலையால் தெளித்ததோடு சரி, பதினோராம் நாள் மூன்றாம் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைப் பிளக் பாயிண்ட்டின் தலையில் ஊற்றவேண்டும் என்று நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கரண்டுப் பெட்டியில் தண்ணீர் ஊற்ற இத்தனை பேருக்கு ஆசை. சுலோசனா மெயினை அணைத்தது போதாதென்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டு, மகளைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டு, மணல் குடத்தின் பக்கத்தில் நின்றாள். செல்லியம்மா சொம்பைத் தூக்கி ஊற்றினாள். ஆவி எழுந்து ஹாலை மூடியது. ஆவிக்குள்ளிருந்து செல்லியம்மாவின் குரல், அவளுடைய குரலாக இல்லாமல் வந்தது.

"டேய் கோவர்த்தனா! மாவரைக்கிற ஒயர்ல காரு ஏத்துறியே, என் தலையில கொள்ளி வெச்சிகினு தூங்குறியே! மீட்டர்லேந்து நேரா தனி லைன் இழுடா. ஆறு எம்எம் செம்பு ஒயரு போடு. எர்த்துக்குத் தனியா குழி வெட்டு. தனி பிரேக்கரு மாட்டு. மாட்டுவியா மாட்ட மாட்டியா?"

கோவர்த்தனன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மாட்டறேன் தாயே, மாட்டறேன். அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள மாட்டறேன்" என்று அழுதான். செல்லியம்மா ஒயர் எம்எம் கணக்கில் அளக்கப்படும் என்று கேள்விப்பட்டவள்கூட இல்லை. தெளிந்து எழுந்ததும் நான் என்ன சொன்னேன் என்று அவளே கேட்டாள். நாகையா கூட்டத்தின் பின்னாலிருந்து, அம்மன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, பிரேக்கர் முப்பத்திரண்டு ஆம்பியர் போட்டால் சரியாக இருக்கும் என்றார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சுலோசனா போட்டுக்கொள்ளவில்லை. ஃபியூஸ் கட்டையை மடியிலிருந்து எடுத்துப் புருஷன் முன்னால் வைத்தாள். "இதே ஒயரு, இதே எர்த்து. ஒண்ணர வருசமா நானுந்தான சொன்னேன்?" என்றாள். கோவர்த்தனன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்றதும் அம்மா சொல்றதும் ஒண்ணாம்மே?" என்றான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். அவள் அடுப்படிக்குப் போய்ப் பதினொரு நாளுக்குப் பிறகு கடுகு தாளித்தாள். எண்ணெய் தெறித்ததில்தான் கண் கலங்கியது என்று மகளிடம் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தனி லைன் வந்தது. எர்த் குழியைக் கோவர்த்தனன் தன் கையாலேயே வெட்டினான். புதிய பெட்டியில் கார் ஐந்து மணி நேரம் ஏறினாலும் சூடு நாற்பதைத் தாண்டவில்லை. பழைய பாயிண்ட்டில் முத்து உதிர்ந்து தழும்பு நின்றது. ஸ்வர்ணலதா சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மறுபடி அதில் சாய்ந்து படித்தாள். செல்லியம்மா ஆடி போய் ஆவணி வந்தும் வெள்ளிக்கிழமைதோறும் ஒயர் கணக்குச் சொன்னாள். நாகையா பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். சுற்றுப்பட்டு கிராமங்களில் சூடான பிளக் பாயிண்ட் என்று ஒன்று இல்லாமல் போயிற்று, ஊர் இதை ஒரு பெரிய விஷயமாகப் பேசவும் இல்லை.

புரட்டாசியில் கோவர்த்தனனுக்கு பிபி நூற்றெழுபது இருந்தது. தினம் ஒரு மாத்திரை போடச் சொன்னாள் சுலோசனா. "மனுசன்னா கொஞ்சம் ஏறத்தான் செய்யும்மே" என்று அவன் புரண்டு படுத்தான். அவள் ஒரே ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை ட்யூட்டிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு செல்லியம்மா வீட்டு வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி கையில் ஹெல்மெட், ஒருத்தி கையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒருத்தி கையில் பாதி காலியான பிராந்தி பாட்டில். அத்தனை பேரும் பெண்டாட்டிகள்.