சமபந்தியில் ஒரு கட்டைவிரல்

கடிதத்தை ஏசுதாஸ் நான்கு தடவை படித்தான். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மாமல்லபுரம் கிளையில் நேர்முகத் தேர்வு, பகல் உணவு எங்களுடன் என்று இங்கிலீஷில் டைப் அடித்து, பாலாறு சகாய நிதியின் காரியதரிசி ராமானுஜம் கையெழுத்துப் போட்டிருந்தார். தேர்வு புரிந்தது. உணவுதான் உறுத்தியது.

வேலை கேட்டுப் போன இடங்களில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களே குறைவு. கொடுத்தவர்களும் தம்ளரைக் கையில் தராமல் மேலேயிருந்து ஊற்றினார்கள். செங்கல்பட்டுச் சேரியில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யும் புக் கீப்பிங் லோயர் கிரேடும் பாஸ் செய்தவன் அவன். ரேஷன் ஆபீஸில் ஐந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தான். போன ஆனி மாதம் ரேஷனை எடுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் சந்தோஷம், ரேஷன் குமாஸ்தாக்களுக்குச் சீட்டு கிழிந்தது. இப்போது பங்குனி. ஒன்பது மாதமாக வீட்டில் வரும் ஒரே சம்பளம் மிஷன் பள்ளியில் டீச்சராக இருக்கும் ஜெசிந்தாவுடையது. அவளுக்கு ஏழு மாதம். அடுத்த மாதத்தோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுவாள். சம்பளமும் அதோடு நின்றுவிடும்.

"வேலை குடுக்கறவன் வேலையப் பத்திப் பேசுவான். இவங்க இன்னாத்துக்கு சோத்தப் பத்திப் பேசறாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"சமபந்தியாம். டைரக்டர் ராஜகோபாலன்னு ஒரு வக்கீலு, கதர்க்காரரு. காந்தி செத்ததுலேர்ந்து வேலைக்கு யாரு வந்தாலும் பக்கத்துல உக்கார வெச்சுத்தான் சாப்புடுவாராம்."

"அப்ப போட்டோக்காரனும் வருவான். நல்லா தலையச் சீவிக்கினு போ."

சிரித்தார்கள். ஆனால் ஏசுதாஸுக்குச் சந்தேகம் தீரவில்லை. பந்தியில் உட்கார்த்திப் பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பார்கள்? அவன் யோசித்து யோசித்துச் சில முடிவுகளுக்கு வந்திருந்தான். பெரியவர் கை வைத்த பிறகு கை வைக்க வேண்டும். அவரைவிட வேகமாகவும் சாப்பிடக் கூடாது, ரொம்பப் பின்தங்கவும் கூடாது. இரண்டாம் தடவை சோறு வேண்டாம்; வேண்டாமென்று சொல்கிறபோது கையை இலைமேல் விரித்துக் காட்ட வேண்டும், வாயில் சோற்றோடு பேசக் கூடாது. உருண்டைகளைச் சின்னதாகப் பிடித்தால் எந்தக் கேள்விக்கும் சீக்கிரம் வாய் காலியாகும். சாம்பார் சாதம்வரை இதெல்லாம் எளிது. ரசம்தான் பரீட்சை. ரசத்துக்கு அணை கட்டத் தெரியாதவன் இலையில் அது நாலு பக்கமும் ஓடும். அதைத் துரத்துகிற கை மணிக்கட்டுவரை நனைந்துவிடும். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் மனிதனுக்குப் புத்தி கையில்தான் இருக்கும்.

வியாழக்கிழமை காலை பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தான். கிளை ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது. பின்கட்டில் கிணறு. அதற்கப்பால் சவுக்குத்தோப்பு, தோப்புக்குப் பின்னால் கடலின் இரைச்சல்.

கூடத்து மூலையில் ஆளுயர இரும்புப்பெட்டி நின்றது. ஏசுதாஸின் கண் முதலில் அதன் மேல்தான் போனது. அதில் இரண்டு சாவித்துவாரங்கள். இந்த மாதிரி நிதிகளில் பெரும்பாலும் நகைமேல்தான் கடன் கொடுப்பார்கள். கொண்டுவருகிற நகையை எடை பார்த்து, துணியில் முடிந்து, நம்பர் அட்டை கட்டி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி ஊற்றி நிதியின் முத்திரையைப் பதிப்பார்கள். முடிச்சு பெட்டிக்குள் போகும். ஒரு சாவி காரியதரிசியிடம், இன்னொன்று கேஷியரிடம். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டால் பெட்டி திறக்காது. இரண்டு பேரும் சேர்ந்து கெட்டால்தான் திறக்கும். அப்படிச் சேர்ந்து கெடுவது லேசில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நம்பிக்கை. ஏசுதாஸுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

பியூன் ராமதாஸ் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீதான் கேஷியர் வேலைக்கா அண்ணாத்த? வா வா. ஒரு மாசமா பத்துப் பேரு வந்தாங்க. எல்லாரையும் வேணாம்னு அனுப்பிச்சுட்டு உனக்கு மட்டும் எல போடச் சொல்றாரு செகரட்டரி. நீ இன்னா அப்படி ஸ்பெஷலு?"

"எனக்கும் தெரில. மின்ன இருந்த கேஷியர் எங்க?"

"பட்டாபி சாரா? ஒரு வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் எந்தத் திங்கக்கிழமையும் வரல."

"அவருகிட்ட இருந்த சாவி?"

ராமதாஸ் இலையைத் திருப்பிப் போட்டுத் துடைத்தான். "நான் பியூனு. தண்ணி சேந்தறது, எல போடறது. சாவியப் பத்தி என்னக் கேக்காத நைனா."

டைரக்டர் ராஜகோபாலன் காரில் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். கதர் ஜிப்பா, பெரிய குரல். அவரை எதிர்கொண்டு அழைத்து வந்தவர் காரியதரிசி ராமானுஜம். மெலிந்த மனிதர், பேசும்போதெல்லாம் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். போட்டோக்காரன் யாரும் வரவில்லை. ஏசுதாஸுக்கு அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

கூடத்தில் இரண்டு இலைதான் விழுந்தது.

"சார் உக்காரலீங்களா?" என்று ஏசுதாஸ் காரியதரிசியைக் கேட்டான்.

"எனக்கு இன்னிக்கு விரதம்" என்றார் ராமானுஜம்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது ராமதாஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முணுமுணுத்தான். "விரதமாம்! காலையில நாஸ்தாவுக்கு ஆறு இட்லி. நான்தான் வாங்கியாந்தேன்."

பெரியவரும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ராமதாஸ் பரிமாறினான். ராஜகோபாலன் உற்சாகமாகச் சாப்பிட்டார், உற்சாகமாகவே கேள்வி கேட்டார்.

"ரேஷன் கோடவுன்லே இருந்தீரே, எலி தின்ன அரிசிக்குக் கணக்கு எப்படி எழுதுவீர்?"

ஏசுதாஸ் சின்ன உருண்டையை விழுங்கினான். "எலின்னு எழுத மாட்டோம் சார். சேதாரம்னு எழுதுவோம். எலி எவ்வளவு தின்னுதுன்னு எலிக்கே தெரியாது. மனுஷன் தின்னதையும் அதுலயே சேக்கலாம்."

பெரியவர் தொடையில் இடதுகையால் தட்டிச் சிரித்தார். "கேட்டீரா ராமானுஜம்! பிள்ளையாண்டான் விஷயம் தெரிஞ்சவன்."

காரியதரிசியும் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

ரசம் வந்தது. ஏசுதாஸ் சோற்றில் அணை கட்டினான். அணை நின்றது. ஆனாலும் விரலெல்லாம் நனைந்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில் ராமானுஜம் அவன் இடப்பக்கம் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஒரு காகிதத்தைத் தரையில் விரித்தார். பக்கத்தில் ஒரு மைப்பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார்.

"வேலை கிடைச்ச மாதிரிதான் வெச்சுக்கோயேன். அறுபது ரூபாய் சம்பளம். ஐயாவுக்கு அவசரமா திரும்பணும், அவர் முன்னாலேயே நீ பொறுப்பு ஏத்துக்கற சார்ஜ் லிஸ்டை முடிச்சுடலாம். வலது கை எச்சில், தெரியும். இடது கட்டைவிரல் சும்மாத்தானே இருக்கு? ரேகை வெச்சா சட்டப்படி செல்லும். ஐயாவே வக்கீல், கேட்டுக்கோ."

"செல்லும், செல்லும்" என்றார் ராஜகோபாலன், ரசத்திலிருந்து தலை தூக்காமல்.

இடது கட்டைவிரல்தான் பத்திரத்தில் விழும். உழைத்து உழைத்து வலது விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், இடதில்தான் தெளிவாக இருக்கும் என்பார்கள். ஏசுதாஸின் அப்பாவரைக்கும் அந்த வீட்டில் எல்லோரும் எழுதியது அந்த விரலால்தான். எதில் வைக்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் யாரும் படித்துச் சொன்னதில்லை.

அவனுக்குப் படிக்கத் தெரியும். தலையைச் சாய்த்துக் காகிதத்தின் அடியில் பார்த்தான். "மேற்படி நகை முடிச்சு நூற்றுப் பன்னிரண்டும் சரிபார்த்து ஒப்புக்கொண்டேன்" என்றிருந்தது.

சரிபார்த்து. அந்த வார்த்தையில் அவன் கண் நின்றுவிட்டது. ரேஷன் கோடவுனில் சார்ஜ் எடுப்பதென்றால் அவன் மூட்டை மூட்டையாகத் தொட்டு எண்ணுவான். ஐந்துக்கு ஒன்றில் குத்தூசி போட்டு உள்ளே இருப்பது அரிசிதானா என்று பார்ப்பான். பிறகுதான் பேனாவைத் திறப்பான். எண்ணாமல் கையெழுத்துப் போட்ட ஒரு குமாஸ்தா, தான் பார்த்தே இராத நாற்பது மூட்டைக்காக ஜெயிலுக்குப் போனதும் அவனுக்குத் தெரியும். கையெழுத்து விழுந்த நிமிஷத்திலிருந்து இல்லாததும் வாங்கினவன் கணக்கில்தான்.

அறுபது ரூபாய். ஜெசிந்தாவின் வயிறு. விரல் ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும்.

காரியதரிசி எதற்காகப் பத்துப் பேரை வேண்டாமென்று அனுப்பினார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மற்றவர்களிடம் ரேகை கேட்டால் சண்டைக்கு வருவார்கள். இவன் பெரிய மனிதர் பக்கத்தில் இலை கிடைத்த மயக்கத்தில் இருப்பான், பந்தியை விட்டு எழத் துணிய மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

ஏசுதாஸ் எழுந்தான்.

பந்தியில் ஒருவர் நடுவில் எழுவது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பதற்குச் சமம். பழைய வழக்கம் தெரிந்தவர்கள் அப்புறம் அந்த இலையில் கை வைக்க மாட்டார்கள். ராஜகோபாலன் கதர் உடுத்தி எத்தனையோ வழக்கங்களை விட்டவர்; இந்த ஒன்றை விடவில்லை. அவர் முகம் சிவந்தது. பாயசம் இன்னும் வரவில்லை. அவரும் எழுந்தார்.

"என்ன காரியம் பண்றே!" என்று பதறினார் ராமானுஜம். "ஐயா சாப்பிடறச்சே!"

ஏசுதாஸ் நேரே கிணற்றடிக்குப் போனான். பெரியவரும் எச்சில் கையோடு பின்னாலேயே வந்தார்.

"உம்மைச் சமமா உட்கார வெச்சேனே, அதுக்கு இதுவா மரியாதை?"

"மன்னிக்கணும் சார். ரேகை வெக்கச் சொன்னாங்க. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதான் கை கழுவ வந்தேன்."

"ரெண்டு நிமிஷம் பொறுத்தா என்ன?"

"பொறுக்கலாம் சார். அந்தப் பேப்பருதான் பொறுக்கல. ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவுல வந்துடுச்சு." அவன் கையைத் துண்டில் துடைத்தான். "சரிபார்த்துன்னு எழுதிக் கீது சார். நான் இன்னும் ஒரு முடிச்சக் கூடப் பாக்கல."

ராஜகோபாலன் குனிந்து எச்சில் கையை நீட்டினார். ராமதாஸ் ஊற்றிய தண்ணீரில் நிதானமாகக் கை கழுவினார். உள்ளே போய்க் காகிதத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடியிலிருந்து மேலாகப் படித்தார். செல்லும் என்று தான் சொன்னது எதற்கு என்று இப்போதுதான் அவர் பார்க்கிறார்.

"பெட்டியைத் திறவும்" என்றார்.

"நூற்றுப் பன்னிரண்டு முடிச்சு ஐயா. சாயந்திரம் ஆயிடும். உங்களுக்கு..."

"எனக்குச் சாப்பாடே போயிடுத்து. இனிமே என்ன அவசரம்? திறவும்."

ராமானுஜம் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். கொஞ்சம் தயங்கி, இன்னொன்றையும் எடுத்தார். பெட்டி திறந்தது.

ஏசுதாஸ் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தான். ஒவ்வொரு முடிச்சாக எடுத்தான். முதலில் நம்பர் அட்டை, பிறகு அரக்கு, பிறகு தராசு. நிதியின் முத்திரை வட்டமானது; ஓரத்தில் எழுத்துகளும் நடுவில் ஒரு தாமரையும் இருக்கும். பதினேழாவது முடிச்சில் அவன் கை நின்றது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் நீட்டினான்.

"இதுல பதிஞ்சது நிதி முத்திரை இல்ல சார், ரெண்டணாக் காசு. சதுரமா மூலை தெரியுது பாருங்க."

ராஜகோபாலனே அரக்கை உடைத்தார். துணிக்குள் ஒரு ஜோடி பித்தளை வளையல் இருந்தது.

வெயில் சாய்வதற்குள் அப்படி ஒன்பது முடிச்சுகள் வந்துவிட்டன. யாரோ ஒன்பது பெண்கள், கடனை அடைத்துவிட்டு வளையலுக்குக் கை நீட்டும் நாளில் பித்தளையைத்தான் வாங்கியிருப்பார்கள். அன்றைக்குக் கேஷியர் நாற்காலியில் இருப்பவனைத்தான் ஊர் பிடித்துக் கட்டியிருக்கும்.

"அந்தப் பட்டாபி பண்ணின வேலையா இருக்கும்" என்றார் ராமானுஜம். குரல் தேய்ந்திருந்தது.

"இருக்கும்" என்றார் ராஜகோபாலன். "ரெண்டு சாவியும் உம்ம மடியிலே இருந்ததே, அது யார் பண்ணின வேலை?"

ராமானுஜத்தின் கை மடிக்குப் போனது. பெரியவர் இரண்டு சாவிகளையும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வர ராமதாஸைக் காரில் அனுப்பினார்.

பிறகு சார்ஜ் லிஸ்டைப் புதிதாக எழுதச் சொன்னார். ஏசுதாஸ் எழுதினான். ஒன்பது நம்பர்களையும் தனியாகக் குறித்து, "மேற்படி ஒன்பது முடிச்சு நீங்கலாக" என்று சேர்த்து, அதை உரக்கப் படித்தும் காட்டினான். சாட்சியாகப் பெரியவரை முதலில் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, அதன் கீழே தன் முழுப்பெயரையும் எழுதினான்.

"நாளையிலேர்ந்து வாரும். வேலை உமக்குத்தான்" என்றார் ராஜகோபாலன். "பசிக்கிறதா? மறுபடி இலை போடச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். வேலைய எழுத்துல குடுத்தாப் போதும்."

"நான் சொல்றேனே, நம்பிக்கை இல்லையா?"

"நம்பினா இன்னா ஆவும்னு இன்னிக்குத்தானே சார் பாத்துக்கினோம்."

பெரியவர் அவனை ஒரு கணம் முறைத்தார். பிறகு மேஜைக்குப் போய், நிதியின் காகிதத்தில் தன் கையாலேயே நியமன உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். ஏசுதாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினான். அறுபது ரூபாய் என்பதை ஒரு தடவையும், தன் பெயரை ஒரு தடவையும் படித்தான். பிறகு மேலேயிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்தான். முகம் மலர்ந்திருந்தது. ஆனால் காகிதத்தை மடிக்கவில்லை.

"தேதி விட்டுப்போச்சு சார்" என்றான்.