ஒன்றுகூட உடையாத யானைகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பழமலைநாதர் சன்னிதியில் கற்பூரம் அணைத்துச் சொல்லவும் தயார். கற்பூரத்தை மட்டும் யாராவது வாங்கிவரட்டும்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஆதிநாராயணனுக்கு மகாபலிபுரத்து ஓட்டல் ஒன்றிலிருந்து ஒரு டஜன் யானைக்கு ஆர்டர் வந்தது. வேனைத் தானே ஓட்டுவதாகச் சொன்னார். அவர் ஓட்டிப்போன சரக்கு அதுவரை எந்த ஊருக்கும் முழுசாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

“ஒண்ணு ஒடைஞ்சாலும் வேன் சாவி என் தம்பி தங்கதுரை கைக்குப் போயிடும், ஆமா,” என்றாள் மனைவி நீலாவதி. காவலுக்குத் தானும் ஏறிக்கொண்டாள்.

மச்சானிடம் சாவியைக் கொடுப்பதைவிட மொட்டை அடித்துக்கொள்ளலாம் என்று பட்டது ஆதிநாராயணனுக்கு. தலையில் அதற்கும் வசதியில்லை.

பட்டறையில் சூளையில் வெந்த யானைகள் ஒரு பலகையில், வெறுமனே காயவைத்த பச்சை யானைகள் இன்னொரு பலகையில். இரண்டும் ஒரே வெள்ளை. மற்றவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். வெந்தது ‘டங்’ என்னும். ஆதிநாராயணன் சுண்டமாட்டார், கண்ணாலேயே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு ஊரில் பெரிய பேர். வைத்தது அவர்தான். வேனில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு யானையையும் அந்தக் கண்ணால் பார்த்தே பொறுக்கி ஏற்றினார்.

புதுச்சேரி தாண்டிக் கடலோர ரோட்டில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் வேலை செய்யாது. அதில் கயிறு கட்டி, ஒரு பக்கம் நீலாவதி இழுக்க, மறுபக்கம் இவர் இழுத்தார்.

“கடலு எப்பிடி இருக்குது, நீலா?”

“பெரிசா இருக்குது. நீங்க ரோட்டப் பாருங்க.”

கொஞ்ச தூரம் போனதும் அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். “ஏங்க, ரோடு வெள்ளையா வருதே?”

“அலை நுரைடி.”

“நுரை நம்ம வண்டியிலேர்ந்துல்ல ஒழுவுது!”

நிறுத்திக் கதவைத் திறந்தார். கூரை ஓட்டை வழியாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. யானைகளுக்குத் தும்பிக்கையும் இல்லை, காதும் இல்லை, பன்றிகளாகியிருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஆதிநாராயணன் ஒன்றைச் சுண்டினார். விரல் உள்ளே போய்விட்டது.

“கண்ணாலயே சொல்லிடுவீங்களே, இப்ப சொல்லுங்க,” என்றாள் நீலாவதி.

அவர் வண்டியை எடுத்தார். மரக்காணத்தில் பன்றிகள் தவளைகளாயின. வண்டி வாரியடித்த வெள்ளைச் சேற்றில் நனைந்த காக்கைகள் கொக்காகிவிட்டன; மீனவர்கள் கும்பிட்டுக்கொண்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியவர் மாதிரி மெல்ல இறக்கி ஏற்றினார்.

ஓட்டல் வாசலில் கதவைத் திறந்ததும் வெள்ளைக் கூழ் வழிந்து மேனேஜரின் பூட்ஸை மூடியது. மேனேஜர் யானையைத் தேடினார். நீலாவதி கையை நீட்டினாள்.

“சாவிய குடுங்க.”

“எதுக்கு? ஒடைஞ்சது ஒண்ண எடுத்துக் காட்டு, குடுத்துடறேன்.”

அவள் சேலையைச் செருகிக்கொண்டு முழங்கை வரை விட்டுத் துழாவினாள். வைக்கோல் வந்தது. ஒரு சில்லுகூட வரவில்லை.

“ஒடையலதான்,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “தூ, இதுக்கு ஒரு மூஞ்சி!”

சாவி இன்றும் ஆதிநாராயணனின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது. அந்த வேனை மங்கலம்பேட்டைக் காயலாங்கடையில் எடைக்குப் போட்டது, இந்தப் பயணத்துக்கு முந்தின வருஷம் தை மாதம்.