ஊல்கான் சுரண்டி எடுத்த பசை

ஊல்கானுக்கு ஒட்டுகிற எதுவும் ஆகாது. ஜாம் புட்டியின் மூடி, கொழுப்புப் பட்ட கரண்டிப் பிடி, விருந்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள், எது கண்ணில் பட்டாலும் துடைத்துவிடுவாள்.

அவளுடைய மருமகள் மீரிம், ஜிர்கலான் ஊருக்கு மேலேயுள்ள மலைகளுக்குப் பனிச்சறுக்குக்காரர்களை அழைத்துப் போகிறவள். அங்கே ஆளை மேலே தூக்கிப்போகும் இயந்திரம் எதுவும் கிடையாது. சறுக்குப் பலகையின் அடியில் நீளமான ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலில்தான் ஏற வேண்டும். ரோமமெல்லாம் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து மடித்து சட்டைக்குள் செருகிக்கொண்டு சறுக்கி இறங்கலாம். பட்டையின் மறுபக்கம் முழுக்கப் பசை.

இரவல் பலகையிலேயே பல குளிர்காலங்களை ஓட்டிய மீரிம், இந்த முறை சொந்தமாக வாங்கிவிடுவது என்று காராகோல் நகரத்தில் பழைய சாமான் விற்கும் கடைக்குப் போனாள்.

"இதை எடு தங்கச்சி. நல்ல ஒசரம். கம்பீரமா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"கம்பீரம் வேணாம்ணே. மரத்துக்கு நடுவுல திரும்பணும்."

"அப்ப இந்தச் செகப்பு. ஒனக்கு எடுப்பா இருக்கும்."

"பனிக்குள்ள கெடக்கப்போவுது. யாரு பாக்கப்போறா?"

மூக்குவரை உயரமுள்ள ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வளைசல் இருக்கிறதா என்று பார்த்தாள். ஓர இரும்பில் கட்டை விரல் நகத்தை ஓட்டினாள். பிறகு பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டு கடை நடுவில் நின்றாள். கடைக்காரர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தபோதும் நின்றுகொண்டிருந்தாள்.

"குதிகால் தூக்குதான்னு பாக்குறேண்ணே."

"நான் கடைய மூடட்டுமா?"

"மூடுங்க. வெளிய நின்னு பாத்துக்கிறேன்."

பட்டைகளையும் நீர் புகாத மேல்சட்டையையும் அவள் கணவன் தலாந்த் அல்மாட்டியிலிருந்து புதிதாக வாங்கி வந்தான். முதல் பனி விழுந்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஊல்கான் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

மீரிமும் தலாந்தும் திரும்பி வந்தபோது, முற்றத்துக் கொடியில் இரண்டு பட்டைகளும் சீவி வாரியது போலத் தொங்கின. பக்கத்தில் மேல்சட்டை.

"அந்தப் பட்டையில என்னடி அப்படி ஒட்டிக் கெடந்துச்சு, ஈ புடிக்கிற காயிதம் மாதிரி? கத்தியால சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன். நேத்துப் பூரா அதே வேலதான்" என்றாள் ஊல்கான்.

மீரிம் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. மாமியாரின் சுட்டுவிரல் வீங்கியிருந்ததையும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அத்தை."

"சட்டை மேலயும் ஏதோ மெழுகாட்டம் பிசுக்கு இருந்துச்சு. சோடா போட்டுக் கொதிக்க வெச்சேன்."

"கொதிக்க வெச்சீங்களா."

"பின்ன? அழுக்கு தானா போகுமா?"

மாட்டுத் தொழுவத்தில் மீரிம் கணவனைப் பிடித்தாள். "நீங்க சொல்லுங்க, அந்தப் பசைதான் அதுல விசேஷம்னு."

"எங்கம்மாகிட்டயா?"

"ஒங்கம்மாதானே."

"அதான் யோசிக்கிறேன்."

யோசித்துக்கொண்டே சாணத்தை வழித்துப் போட்டான். கடைசியில் பழைய குதிரைச் சேணத்தின் வாரை அறுத்துக் கொடுத்தான். "இதால கட்டிக்க."

மறுநாள் அழைத்துப் போக வேண்டியவர் தவ்லெத், அல்மாட்டியில் பல் மருத்துவர். தலை முதல் கால்வரை புதுசு. கையுறையில் கடைச் சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ள என்ன போட்டிருக்கீங்க டாக்டர்?"

"பருத்தி பனியன். அஞ்சு."

"கழட்டிட்டு கம்பளிச் சட்ட ஒண்ணு போடுங்க. பருத்தி வேர்வைய குடிச்சு வெச்சுக்கும். மேல போனா வெறைச்சுரும்."

"எனக்கு வேர்க்கவே வேர்க்காதும்மா."

புறப்பட்டார்கள். முதல் சரிவிலேயே மீரிமின் பட்டைக்கும் பலகைக்கும் நடுவில் பனி புகுந்தது. நழுவிய காலுறை மாதிரி பட்டை ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. அவிழ்த்தாள், வழித்தாள், கட்டினாள். நாலடி ஏறினால் இரண்டடி பின்னால் வந்தாள். தவ்லெத் மேலே நின்று, மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழிகாட்டி நீங்கதானே?"

"ஆமா."

"நான் முன்னால போவட்டா?"

"வழி தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நில்லுங்க."

பிறகு ஈரப்பனி கொட்டத் தொடங்கியது. கொதித்துப்போன மேல்சட்டை அதைச் சொட்டு விடாமல் குடித்தது. மரங்கள் முடிகிற இடத்தில் மீரிம் நின்றாள். அவளுக்கு முதுகுவரை ஈரம். மருத்துவருக்கோ உள்ளிருந்தே ஈரம். அவருடைய பற்கள் தந்தியடிக்கிற சத்தம் நன்றாகவே கேட்டது.

"திரும்பிரலாம். இந்த ஈரத்தோட மேல காத்துல நின்னா நம்மள எறக்க வேற ஆளு வரணும்."

"இன்னும் கொஞ்ச தூரம்தானே?"

"அந்தக் கொஞ்ச தூரத்துலதான், டாக்டர், உசுரு போறது."

பையில் காய்ந்த கம்பளிச் சட்டை ஒன்றுதான் இருந்தது. அதை அவரிடம் கொடுத்தாள். மரத்தின் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தார். ஐந்து பனியன்களையும் கையில் பிடித்திருந்தார்; பிழிந்த துணி மாதிரிச் சொட்டின. அவளுக்கு விரல்கள் மரத்து, பட்டையின் முடிச்சு கண்ணுக்குத் தெரிந்தும் கைக்குத் தெரியவில்லை. பயம் வந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதன் பிறகு மரங்களுக்கு நடுவே அந்தக் குட்டைப் பலகைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. அவள் தடத்திலேயே மருத்துவரும் விழுந்து எழுந்து வந்து சேர்ந்தார்.

வீட்டில் ஊல்கான் தேநீர் ஊற்றினாள். சூடு ஏறியதும் தவ்லெத்துக்குப் பேச்சும் வந்தது.

"ஒங்க மருமக நல்லா எறங்குறாங்கம்மா. ஆனா பட்டையில பசையே இல்ல. எந்த முட்டாளோ சுத்தமா சுரண்டி எடுத்திருக்கான்."

தலாந்த் ரொட்டியையே பார்த்தான். ஊல்கான் அவருடைய கிண்ணத்தை வாங்கி விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள். கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் கிளம்பலாம் என்று அர்த்தம். அல்மாட்டியிலும் அதே அர்த்தம்தான். குடித்துவிட்டு எழுந்தார்.

"ஒட்டாத பட்டைய கட்டிக்கிட்டா மலை ஏறுன?" என்று கேட்டாள் ஊல்கான்.

"ஆமா அத்தை."

"விழுந்திருந்தா?"

"விழுந்தேன்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்னடி? வாயில என்ன அடைச்சிருந்துச்சு?"

"நீங்க நாள் பூரா சுரண்டியிருந்தீங்க. வெரலு வேற வீங்கியிருந்துச்சு."

ஊல்கான் எழுந்தாள். ஈரச் சட்டையை எடுத்து அடுப்புக்கு மேல் மாட்டப் போனவள் நின்றாள்.

"இத எங்க மாட்டணும்?"

"அடுப்புக்குத் தள்ளி, அத்தை."

தள்ளியே மாட்டினாள். இருபது வருஷத்தில் அம்மா யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை என்று தலாந்த் பிறகு சொன்னான்.

மறுநாள் ஊல்கான் மினிபஸ் பிடித்து காராகோலுக்குப் போய், கடைக்காரரைக் குடைந்து எடுத்து, ஒரு டப்பா பசையோடு வந்தாள். மேசையில் பட்டைகளை விரித்து, வாயில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. தூசி வரும் என்று கதவைத் திறக்க விடவில்லை. பூனையை வெளியேற்றினாள். தலாந்த் ஜன்னல் வழியாக ரொட்டி வாங்கிக்கொண்டான். பசைப் பக்கங்களைச் சேர்த்து ஒட்டி, அம்மாவும் மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தபோது, பட்டை பிரிவதற்கு முன் தலாந்த் நாற்காலியோடு வந்தான்.

"இப்ப போதுமா?"

"போதும் அத்தை."

மேல்சட்டை தேறவில்லை. அதைப் புதுக் கன்றுக்குப் போர்த்தினார்கள். அளவு சரியாக இருந்தது.

பிறகு ஓர இரும்புக்கு அரம் போடுவது, பழைய இஸ்திரிப் பெட்டியால் மெழுகு தேய்ப்பது எல்லாம் ஊல்கானிடமே போய்விட்டது. ஊரிலுள்ள மற்ற வழிகாட்டிகளும் கொண்டுவந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டு விட்டுப்போனார்கள். மீரிமே தன் பலகையைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

"பனி ஈரமா, பொடியா?"

"பொடி, அத்தை."

"அப்ப அந்த மெழுகு சரி. எடுத்துக்க."

எடுத்துக்கொண்டு, பிஷ்கெக்கிலிருந்து வந்த இருவரோடு போனாள். பட்டை பிடித்து நின்றது. மலை முகட்டில் காற்று பலமாக இருந்ததால் அதிகம் பேசாமல் ரொட்டி தின்றார்கள். பிறகு இறங்கினார்கள்.