பின் இருக்கையின் கனம்

கலைமான் தீவன மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, எஞ்சின் பனிவண்டியின் பின் இருக்கையில் அடுக்கிக் கயிற்றால் கட்டினான் தாய்ஸ்தோ. அது அவன் மனைவி மார்கெத்தா உட்காரும் இடம். குலுக்கலைத் தாங்கும் புது ஷாக்குகளை மாட்டியாகிவிட்டது. இருவர் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துத்தான் ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். உட்கார ஆள் இல்லாததால் மூட்டைகள்.

மூட்டைகளைக் கொடுத்த பக்கத்து வீட்டு ஓய்வா, கலைமான் மேய்ப்பவன், கொட்டகை வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான்.

"இந்தக் கிழட்டு வண்டிக்கு இவ்ளோ நல்ல ஷாக்கா? அதுவும் பின்னாடிக்கு. நீ உக்கார்றது முன்னாடியில்ல?"

"பழசு தேஞ்சுபோச்சு."

"மார்கெத்தாவ வண்டிக்குப் பின்னாடி கட்டுற சறுக்குப் பலகைல படுக்கவச்சு இழுத்துட்டுப் போயேன். ஊரே அப்படித்தான் போகுது."

"அவ விறகு இல்ல, ஓய்வா."

"விறகா இருந்தா இந்நேரம் குடிலுக்குப் போய்ச் சேந்திருக்கும்" என்றுவிட்டு ஓய்வா கிளம்பினான்.

அவர்களுடைய குடில் ஏரிக்கு அக்கரையில், சதுப்பையும் தாண்டி இருந்தது. கோடையில் அந்தச் சதுப்பில் கால் வைக்க முடியாது. ஏப்ரலில், வெயில் பட்டு மேல்பனி இறுகியிருக்கும் இந்தச் சில வாரங்கள்தான் அவர்கள் இருவரும் அங்கே போகிற காலம். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி மார்கெத்தாவின் முதுகெலும்பு கெட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரே ஒரு முறை பின்னால் ஏறிப் பார்த்தாள். உறைந்த ஏரியின் நடுவில், காற்று குவித்த பனிமேடு ஒன்றில் வண்டி குதித்ததும் அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி, இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் நடைக்கு ஏற்ப வண்டியை ஊரவிட்டபடி பின்னால் வந்தான் தாய்ஸ்தோ. அதற்குப் பிறகு அவளும் ஏறவில்லை, அவனும் கேட்கவில்லை.

தனியாக அவன் போய்வந்தான். பனியில் துளை போட்டு மீன் பிடித்தான், காபி போட்டான். எல்லாம் முன்பு போலவே இருந்தது, முதுகு மட்டும் குளிர்ந்தது. முன்பெல்லாம் வழி நெடுக அவள் அங்கே ஒட்டிக்கொண்டு, கைகளை அவன் கோட்டுப் பைகளுக்குள் விட்டபடி வருவாள். குடில் எங்கே ஓடிவிடப்போகிறது? அந்தக் கனத்துக்குத்தான் அவன் ஏங்கினான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகத்தான் ஷாக் மாற்றினான். இதை அவளிடம் சொல்ல மட்டும் அவனுக்கு நாக்கு எழவில்லை.

மூட்டைகளோடு முற்றத்தில் சுற்றினான். மண்வாரியால் குவித்துவைத்த பனிமேடுகளின் மேல் ஏற்றி இறக்கினான். பின்பக்கம் மெத்தென்று இறங்கி எழுந்தது. சமையலறை ஜன்னலில் திரை அசைந்ததை அவன் கவனிக்கவில்லை. வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு எஞ்சினை அணைத்தபோது மார்கெத்தா காபிக் குவளையோடு நின்றிருந்தாள்.

"யாரு அது, உன் பின்னாடி?"

மூட்டைகளைப் பார்த்தான். பொய் சொல்ல நேரமில்லை. "நீதான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் வண்டியைச் சுற்றிவந்து, மூட்டைகளைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"மேல இருக்கிறத இறக்கு."

"ஏன்? சரியாத்தானே வச்சிருக்கேன். எப்பவும் நீ இருக்கிற எடை."

"அது நான் இல்ல, தாய்ஸ்தோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுலேருந்தே அவ்ளோ இல்ல."

அவன் அவளைப் பார்த்தான். கம்பளிச் சட்டையின் தோள் சரிந்து கைப்பக்கம் இறங்கியிருந்தது. கைமுனையை மடித்துவிட்டிருந்தாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே படுக்கையில் இருந்தும் இது கண்ணில் படவில்லை. பழைய மார்கெத்தாவுக்கு ஷாக் பூட்டியிருக்கிறான். குனிந்து முடிச்சை அவிழ்த்தான், மேல் மூட்டையை இறக்கினான், ஸ்பானரை எடுத்து ஸ்பிரிங்கைத் தளர்த்தினான். அவசரமில்லாமல்தான் செய்தான், ஆனால் ஸ்பானர் இரண்டு தரம் நழுவியது.

"இப்ப?" என்றான்.

அவள் குவளையைப் பலகையில் வைத்தாள்.

"மிச்சத்தையும் இறக்கு."

இறக்கினான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல், மெதுவாகக் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கயும் போகல. அளவுக்கு மட்டும்தான்."

"அளவுக்கு மட்டும்தான்."

அளவு நாடாவை இழுத்துக்கொண்டு வண்டியின் வால்பக்கம் குனிந்தான்.

"நீ உக்காராம எப்படிச் சரியா வரும்?" என்றாள்.

நியாயம்தான். நாடாவை அப்படியே தரையில் விட்டுவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தான். வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கி நின்றது. எவ்வளவு என்று குனிந்து பார்க்க அங்கே யாருமில்லை. திறந்த கதவுக்கு வெளியே ஏரி வெயிலில் கண் கூச மின்னியது. எஞ்சின் சாவி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அவன் அதைத் தொடவில்லை, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல்தான் விட்டான். அவன் கோட்டின் வலப்பைக்குள் ஒரு கை நுழைந்து, அங்கே கிடந்த பழைய ஷாக்கின் திருகு ஒன்றைத் தடவிப் பார்த்து, அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு அங்கேயே இருந்தது.